குடும்பப் போட்டோவுக்கு இடம் தேடுவது எப்படி?

(ஐப்பசி, கார்த்திகையில் வெளியிடத்தில் படம் எடுப்பவர்களுக்கு ஒரு பாடம்)

இரண்டாம் ஆண்டு, சிவில் பிரிவு



ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டபோது, கான்கிரீட்டைப் பற்றி எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அதைத்தான் பரீட்சைக்குப் பரீட்சை எழுதுகிறோமே, மலரிலும் வேண்டுமா என்று விட்டுவிட்டேன். நான் உண்மையிலேயே அலைந்து, தோற்று, பிறகு கற்றுக்கொண்ட ஒரு விஷயத்தை எழுதுகிறேன். குடும்பத்தோடு ஒரு போட்டோ எடுக்க நல்ல இடம் எது என்பதுதான் அது. "இது ஒரு பாடமா?" என்று சிரிக்காதீர்கள். நம் சர்வே வகுப்பு இதில் எவ்வளவு வேலை செய்கிறது என்று படித்து முடித்தபின் சொல்லுங்கள்.

ஏன் இந்தப் பாடம்?

எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். தாத்தா கொத்தனார். அப்பத்தா அவரிடமே சித்தாள். அப்பாவும் கரண்டி பிடித்தவர்தான். தாத்தா இறந்தபோது மாலை போட வீட்டில் ஒரு படம் இல்லை. வாக்காளர் அடையாள அட்டையில் இருந்த சின்னப் படத்தை ஒரு ஸ்டுடியோவில் கொடுத்துப் பெரிதாக்கினோம். கண் எது, புருவம் எது என்று தெரியாமல் எல்லாம் கலங்கிப் போய் வந்தது. கழுத்துக்குக் கீழே கம்ப்யூட்டரில் ஒரு கோட்டும் டையும் ஒட்டிக் கொடுத்திருந்தார்கள். தாத்தா வாழ்நாளில் கோட்டுப் போட்டவர் இல்லை. இன்றைக்கும் அந்தப் படத்தைப் பார்க்கும்போது அப்பத்தா, "இவரு யாரோ ஆபீசரு" என்று சொல்லும்.

அப்பத்தாவுக்கும் இப்போது முட்டி வலி. கண்ணில் புரை. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று முடிவு செய்தேன். ஸ்டுடியோவுக்குக் கூப்பிட்டால், "அந்த இருட்டு ரூமுல வெளக்கு கண்ணக் கூசும், நான் வரல" என்று விட்டது. ஆகவே வெளியிடம் தேட வேண்டியதாயிற்று.

முதல் முயற்சி

தீபாவளி விடுமுறை. எல்லோரும் ஊரில் இருந்தோம். அப்பத்தா, அப்பா, அம்மா, அக்கா, மாமா, அக்கா குழந்தை, தம்பி, நான், ஆக எட்டுப் பேர். திருச்சிக்காரன் வேறு எங்கே போவான்? முக்கொம்புதான். காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரியும் இடம். பூங்கா, மரம், தண்ணீர் எல்லாம் இருக்கிறது. இதைவிட நல்ல இடம் உண்டா என்று நினைத்தேன்.

நாங்கள் போய்ச் சேர்ந்தது பகல் பன்னிரண்டரைக்கு. அப்பத்தா நடந்து நடந்து உட்கார்ந்து, மறுபடி நடந்து வந்தது. வெளிச்சம் நன்றாக இருக்கட்டும் என்று நான் எல்லோரையும் பளிச்சென்ற வெயிலில் நிறுத்தினேன். படத்தில் எட்டுப் பேருக்கும் கண் இருக்கும் இடத்தில் கருப்புக் குழிதான். சரி, மரத்தடிக்குப் போவோம் என்று போனால், இலைச் சந்தில் விழுந்த வெயில் அம்மா கன்னத்தில் ஒரு பொட்டு, மாமா நெற்றியில் ஒரு பொட்டு என்று சிறுத்தைப்புலி மாதிரி ஆக்கிவிட்டது. பின்னால் யாரோ ஒருவர் ஐஸ் சாப்பிட்டுக்கொண்டு நிற்கிறார். நாற்பது படம் எடுத்தும் மாட்டுவதற்கு ஒன்றுகூட இல்லை.

இடத்தின் மேல் குற்றமில்லை. இடத்தைத் தேர்வு செய்த எனக்குத்தான் விவரம் போதவில்லை. ஊர்ப் பெயரைப் பார்த்தேனே தவிர வெளிச்சத்தைப் பார்க்கவில்லை. பிறகு படித்தும், கேட்டும், அளந்தும் தெரிந்துகொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

1. காலத்தை அறிதல்

வெளிநாட்டுப் படங்களில் இலையுதிர் காலம் என்றால் சிவப்பும் மஞ்சளுமாக இலை கொட்டிக் கிடக்கும். அந்த அக்டோபர், நவம்பர் நமக்குக் கூதிர் காலம். வடகிழக்குப் பருவமழை பெய்கிற ஐப்பசியும் கார்த்திகையும். நம் ஊர் அரசமரம் இலை உதிர்ப்பது மாசி, பங்குனி வாக்கில். ஆகவே மஞ்சள் இலையைத் தேடி அலைய வேண்டாம். நமக்கு இந்தக் காலத்தில் கிடைப்பது மூன்று: மழையில் தூசி அடங்கிய தெளிந்த காற்று, சம்பா நட்ட வயலின் பச்சை, மேகம்.

மேகத்தைக் கண்டு பயப்படாதீர்கள். மெல்லிய மேகம் வானம் முழுக்கப் பரவியிருந்தால் அது ஒரு பெரிய வெள்ளைத் துணி மாதிரி. வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் மெத்தென்று வரும். கண்ணுக்குக் கீழே நிழல் விழாது. அப்படிப்பட்ட நாளில் பகல் எந்த நேரமும் நல்ல நேரமே. கருமேகம் திரண்டு இருட்டிக்கொண்டு வந்தால் மட்டும் மூட்டையைக் கட்டிவிடுங்கள். இடி மின்னல் நேரத்தில் வயல்வெளியிலும் தனி மரத்தடியிலும் நிற்கவே கூடாது.

2. சூரியன் எங்கே நிற்கிறது?

இதுதான் பாடத்தின் உயிர்நாடி. செப்டம்பர் 23 வாக்கில் சூரியன் நிலநடுக்கோட்டைத் தாண்டித் தெற்கே போகிறது. மார்ச் 21 வாக்கில்தான் திரும்பி வடக்கே வருகிறது. இந்த ஆறு மாதமும் கிழக்குக்குக் கொஞ்சம் தெற்கே உதித்து, மேற்குக்குக் கொஞ்சம் தெற்கே மறைகிறது. நவம்பர் நடுவில் திருச்சியில் இந்த விலகல் சுமார் 19 டிகிரி. காம்பஸில் பார்த்தால் சூரியன் மறையும் திசை 270 அல்ல, 251 டிகிரிக்குப் பக்கம்.

நண்பகலில் சூரியன் எவ்வளவு உயரத்தில் நிற்கும்? 90 டிகிரியில், ஊரின் அட்சரேகையையும் சூரியன் தெற்கே சாய்ந்திருக்கும் அளவையும் கழிக்க வேண்டும். திருச்சிக்கு 10.8. நவம்பர் 15-இல் சூரியனின் தெற்குச் சாய்வு சுமார் 18.5. ஆக 60.7 டிகிரி. டிசம்பர் 21-இல் சாய்வு சுமார் 23.4 என்பதால் உயரம் 56 டிகிரிக்குக் கீழே வந்துவிடும்.

இதனால் நமக்கு என்ன பயன்? ஆனி, ஆடியில் போய் ஓர் இடத்தைப் பார்த்து, "இங்கே நல்ல நிழல்" என்று குறித்து வைத்தால் கார்த்திகையில் அது பொய்த்துப் போகும். அப்போது நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். இப்போது தெற்கே நிற்கிறது. ஆகவே படம் எடுக்கப் போகும் மாதத்தில், அதே நேரத்தில் போய்ப் பார்ப்பதுதான் சரி.

3. குச்சி நட்டு நேரம் பார்த்தல்

எந்த நேரத்து வெயில் முகத்துக்கு நல்லது? கடிகாரம்கூட வேண்டாம். ஒரு குச்சியை நேராக நட்டு நிழலை அளந்தால் போதும். நிழல் குச்சியைவிடக் குட்டையாக இருந்தால் சூரியன் 45 டிகிரிக்கு மேலே இருக்கிறது. கண் குழியில் நிழல் விழும். நேர் வெயிலில் எடுக்காதீர்கள். நிழல் குச்சியைப் போல இரண்டு மடங்கு ஆகிவிட்டால் சூரியன் 26, 27 டிகிரிக்கு இறங்கிவிட்டது. இனி வெயிலே பதமாக இருக்கும். நவம்பர் நடுவில் திருச்சிப் பக்கம் இது மாலை நான்கு மணிக்குச் சற்று முன்பு. ஐந்தே முக்கால் வாக்கில் சூரியன் மறையும். கையில் இருப்பது ஒண்ணேமுக்கால் மணி நேரம்தான். காலையில் என்றால் எட்டு மணிக்குள் முடிக்க வேண்டும். குழந்தையும் முதியவர்களும் உள்ள வீட்டில் அது நடக்கிற காரியமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

4. திறந்த நிழல்

கூட்டுப் படத்துக்கு வெயிலைவிடப் பாதுகாப்பானது திறந்த நிழல். அதாவது, தலைக்கு நேரே வெயில் விழக்கூடாது, ஆனால் முகத்துக்கு எதிரே வானம் திறந்திருக்க வேண்டும். வீட்டுத் திண்ணை, நீண்ட சுவரின் நிழல், அடர்ந்த மரத்தின் நிழலோரம் எல்லாம் இதில் சேரும். ஆலமரத்தின் நடு அடியில் உட்காராதீர்கள். அங்கே இருட்டு. பின்னால் வயல் வெளுப்பாகத் தெரிய, மனிதர்கள் கருப்பாகத் தெரிவார்கள். புல்தரை மேல் மரத்தடியில் நின்றால் முகத்தில் லேசாகப் பச்சை பூசும். எதிரே வெள்ளைச் சுவரோ சிமெண்டுத் தளமோ இருந்தால் அதில் பட்டுத் திரும்பும் வெளிச்சம் முகத்தை நிரப்பும்.

இதில் நான் ஏமாந்த ஓர் இடம் உண்டு. தரையில் விழும் நிழலை அளந்துவிட்டு, "பத்தடி நிழல் இருக்கு, போதும்" என்று நினைத்தேன். நிழல் தேவைப்படுவது தரைக்கா, முகத்துக்கா? பத்தடி உயரச் சுவர், நாலு மணி, தரையில் வடக்கே பத்தடிக்குக் கொஞ்சம் குறைவாக நிழல் என்று வைத்துக்கொள்வோம். நாற்காலியில் உட்கார்ந்தவர் முகம் தரையிலிருந்து நாலடி. அந்த உயரத்துக்கு மேலே சுவர் ஆறடிதான். ஆகவே சுவரிலிருந்து ஆறடிக்குள் உட்கார்ந்தால்தான் முகம் நிழலில் இருக்கும். நிற்பவர் முகம் ஐந்தடி என்றால் ஐந்தடிக்குள் நிற்க வேண்டும். பகல் பன்னிரண்டுக்கு இதே சுவர் தரையில் தருவதே ஐந்தரை அடி நிழல்தான். உட்கார்ந்தவர் முகத்துக்கு மூன்றேகால் அடிதான் மிஞ்சும்.

5. முதுகுப்புறம்

பார்வைக்கு மனிதர்கள்தான் தெரிவார்கள். காமிராவுக்கு எல்லாமே தெரியும். தலைக்குப் பின்னால் மின்கம்பம் நின்றால் தலையில் கொம்பு முளைத்த மாதிரி இருக்கும். கொடிக் கம்பி கழுத்தை வெட்டும். சுவரொட்டியில் இருக்கும் நடிகரும் நம் குடும்பத்தில் ஒருவராகிவிடுவார். ஓடுகிற வண்டி, நடக்கிற கூட்டம் உள்ள இடம் வேண்டாம். ஒரே நிறமாக, அமைதியாக உள்ள பின்புறமே நல்லது. சுவரானாலும் முதுகை ஒட்டி நிற்காமல் இரண்டு மூன்று அடி முன்னே வரவும். செல்போனில் எடுத்தால் பக்கத்தில் நின்று எடுக்காதீர்கள். ஓரத்தில் நிற்பவர்கள் இழுத்து அகலமாகிவிடுவார்கள். பதினைந்து அடியாவது பின்னால் போக இடம் இருக்கிறதா என்பதும் இடத்தேர்வில் ஒரு கேள்வி.

6. போகும் வழி

குடும்பத்தில் யாரால் மிகக் குறைவாக நடக்க முடியுமோ, அவர்தான் இடத்தைத் தேர்வு செய்ய வேண்டும். அப்பத்தா களைத்துப் போன முகத்தோடு எந்த அழகான இடத்தில் உட்கார்ந்தாலும் படத்தில் களைப்புதான் விழும். நிழல், நாற்காலி, குடிதண்ணீர், பெண்களுக்கு ஒதுங்க ஓர் இடம், மழை வந்தால் ஓடி நிற்க ஒரு கூரை, இவை எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் பாசி வழுக்கும். புதரில் பூச்சி பொட்டு இருக்கும். பொழுது சாயக் கொசு வரும்.

7. போகக்கூடாத இடங்கள்

ஆற்று மணல், மதகு, அணைக்கட்டு ஓரம், இவற்றில் ஐப்பசி கார்த்திகையில் இறங்கவே வேண்டாம். மேலே எங்கோ பெய்த மழை இங்கே திடீரென்று வந்து சேரும். 1830களில் கட்டப்பட்ட முக்கொம்பு மேலணையிலேயே 2018 ஆகஸ்டில் வெள்ளத்தில் ஒன்பது மதகுகள் இடிந்தன. தண்ணீரின் பலத்துக்கு அது ஒன்றே போதும் சாட்சி. ரயில் தண்டவாளத்தில் நின்று படம் எடுப்பது ரயில்வே சட்டப்படி குற்றம். அதைவிட முக்கியம், உயிருக்கு ஆபத்து. கோயிலுக்குள் எடுக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு: 2022 டிசம்பரில் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, தமிழகக் கோயில்களுக்குள் கைபேசியைத் தடை செய்ய உத்தரவிட்டது. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் காமிராவுக்கு முக்காலி வைக்கத் தனி அனுமதி வேண்டும். அடுத்தவர் வயலானாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு இறங்குவதே மரியாதை.

எனக்கு இடம் கிடைத்த கதை

இவ்வளவையும் ஒரு நோட்டில் எழுதி, எங்கள் ஊரிலேயே நாலு இடங்களுக்கு மார்க் போட்டேன். ஏரிக்கரைக்கு அழகில் முழு மார்க், ஆனால் ஏற்றம் அப்பத்தாவால் முடியாது. வயல் வரப்பில் எட்டுப் பேர் நிற்க இடமில்லை. எங்கள் வீட்டு வாசலில் மின்கம்பம். கடைசியில் மிஞ்சியது நான் படித்த தொடக்கப்பள்ளியின் வடக்குச் சுவர். எங்கள் வீட்டிலிருந்து நூறு தப்படி. பத்தடி உயரம், நல்ல நீளம், வெள்ளையடித்தது. முன்னால் திறந்த மைதானம். செப்டம்பர் முதல் மார்ச் வரை அந்தச் சுவரில் நேர் வெயில் விழவே விழாது. சூரியன்தான் தெற்கே நிற்கிறதே! எனக்கு ஒரே சந்தோஷம். வீட்டுக்கு வந்து அப்பத்தாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அப்பத்தா, பள்ளிக்கூடத்து வடக்குச் சுவர்ல இப்ப நாள் முழுக்க வெயில் விழாது. கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சுட்டேன்."

அப்பத்தா வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னது:

"இதுக்கு என்னத்துக்குய்யா கணக்கு? கார்த்திக மாசத்துல வடக்குச் செவுத்துல எப்புடி வெயிலு விழும்? அந்தச் செவுரு பூசுனப்ப ரெண்டு நாளாயும் ஈரம் காயல. ஒங்க தாத்தா பொலம்பிக்கிட்டே கெடந்தாரு. நாந்தான் கலவ சொமந்தேன்."

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. ஐந்து வருஷம் அந்தச் சுவரில் சாய்ந்துதான் நான் சத்துணவு சாப்பிட்டேன். அது தாத்தா கட்டிய சுவர் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. அப்பாவைக் கேட்டால், "ஆமா, அதுக்கென்ன? அவரு கட்டுனது ஊருல எத்தனையோ இருக்கு" என்றார், அவ்வளவுதான்.

படம் எடுத்த விதம்

தலைமையாசிரியரிடம் வெள்ளிக்கிழமையே அனுமதி வாங்கிவிட்டேன். கார்த்திகை முதல் ஞாயிறு. காலையில் தூறல். மதியம் வெளுத்தது. தம்பியும் நானும் சுவரோரப் பாசியைச் சுரண்டி, மணல் தூவினோம். நாலு மணிக்கு வீட்டு நாற்காலிகளைக் கொண்டு போய்ச் சுவரிலிருந்து நாலரை அடியில் போட்டோம். நடுவில் அப்பத்தா, மடியில் அக்கா குழந்தை, இரண்டு பக்கமும் அப்பா அம்மா. பின்வரிசையில் அக்கா, மாமா, தம்பி, எனக்கு ஓர் இடம். பள்ளி மேசை மேல் இரண்டு செங்கல் வைத்து, உட்கார்ந்தவர் கண் மட்டத்துக்குப் போனை நிறுத்தினேன்.

முதல் படம் வெளுத்துப் போய் வந்தது. காரணம் புரிந்தது. நாங்கள் நிழலில் இருந்தோம். போன் வெயிலில் இருந்தது. தென்மேற்குச் சூரியன் வலது பக்கமிருந்து லென்ஸில் அடித்தது. ஒரு டிராயிங் அட்டையை வலது பக்கம் மறைப்பாக நிறுத்தினேன். சரியாகிவிட்டது. பத்து விநாடி டைமர் வைத்து ஓடி ஓடி நின்றதில் குழந்தை சிரிக்க ஆரம்பித்தது. அதைப் பார்த்து அப்பத்தாவும் சிரித்தது.

பதினேழு படம். அதில் நல்லது ஒன்று. அதிலும் மாமா ஒரு கண்ணை மூடியிருக்கிறார். பரவாயில்லை என்று அதையே பிரிண்ட் போட்டு மாட்டினோம். போனிலேயே வைத்திருந்தால் போன் போகும்போது படமும் போகும். பிரிண்ட் போட மறக்காதீர்கள்.

படம் வந்த அன்று அப்பத்தா அதை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்க் கண்ணருகே வைத்து ரொம்ப நேரம் பார்த்தது. முகங்களைப் பார்க்கிறது என்று நினைத்தேன். "பூச்சு இன்னும் வெடிக்கல பாரு" என்றது. பிறகு என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு மெதுவாகக் கேட்டது:

"என்னய மட்டும் இதுலருந்து தனியா வெட்டி எடுக்க முடியுமாய்யா? நாளைக்கு ஆவுமுல்ல. கோட்டு கீட்டு மட்டும் போட்டு விட்டுராதீங்க."

முடியும் என்று சொன்னேன். இன்னும் எடுக்கவில்லை. எடுக்க மனம் வரவில்லை.

முடிவாக

நண்பர்களே, நான் கற்ற பாடத்தைச் சுருக்கிச் சொல்கிறேன். படம் எடுக்க ஊர் ஊராகப் போக வேண்டியதில்லை. முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். பிறகு முதுகுப்புறத்தைப் பாருங்கள். பிறகு நடக்க முடியாதவரின் காலைப் பாருங்கள். இந்த மூன்றுக்கும் பொருந்தும் இடம் பெரும்பாலும் உங்கள் வீட்டிலிருந்து நூறு தப்படிக்குள் இருக்கும். குறித்து வைத்தபின், அந்த இடத்தைப் பற்றி வீட்டுப் பெரியவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். நம் புத்தகத்தில் இல்லாத பதில் ஒன்று வரக்கூடும்.

நம்மில் பலர் வீட்டில் முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். வீட்டில் சுவர் நிறைய இருக்கும், மாட்டப் படம் இருக்காது. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது அரியர் புத்தகத்தோடு ஒரு குச்சியும் ஓர் அளவு நாடாவும் எடுத்துப் போங்கள். எல்லோரும் இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.